ஆறாயிரம் ரூபாய்க்குச் சிறார் நூல்கள்: எதை வாங்குவது, எதை விடுவது?

2024 டிசம்பர் முதல் வாரத்தில், ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்த கையோடு சாத்தனூர் அணையில் திறந்துவிட்ட நீரும் சேர்ந்து தென்பெண்ணை கரைபுரண்டு கடலூரின் வடபுறத் தெருக்களுக்குள் புகுந்தபோது, எங்கள் வீட்டு முன்னறையில் நான் நடத்திவரும் சிறுவர் நூலகத்தின் கீழ்த்தட்டுகள் இரண்டும் மூழ்கின. சிறு பிள்ளைகளின் கைக்கு எட்ட வேண்டும் என்பதற்காகப் படநூல்களை எல்லாம் அந்தத் தட்டுகளில்தான் அடுக்கியிருந்தேன். பளபளப்பான தாளில் அச்சான நூல் நனைந்து காய்ந்தால் பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு ஒரே பலகையாகிவிடும் என்பதை அன்றுதான் கண்டேன். பிரிக்க முயன்றால் யானையின் தும்பிக்கை ஒரு பக்கத்தோடும் உடம்பு மறுபக்கத்தோடும் உரிந்து வந்தது. மேல்தட்டில் இருந்த, பெரிய பிள்ளைகளுக்கான நூல்கள் தப்பின. அதன் விளைவு மெல்ல மெல்லத்தான் தெரிந்தது. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வந்துகொண்டிருந்த பிள்ளைகளில், எட்டு வயதுக்கு உட்பட்டவர்கள் ஒவ்வொருவராக வருவதை நிறுத்திவிட்டார்கள்.

இப்போது தெருவிலும் உறவிலுமாகச் சேர்ந்திருக்கும் தொகை 6,000 ரூபாய். கோடை விடுமுறை தொடங்குவதற்குள் நூல்களை வாங்கிவிட வேண்டும். வருகிறவர்களும் மீண்டும் வரக்கூடியவர்களுமாக ஐந்து வயதிலிருந்து பதினான்கு வயதுவரை 22 பிள்ளைகள் இருக்கிறார்கள். பணத்தை எப்படிப் பிரிப்பது என்பதில் ஆளுக்கொரு கருத்து. எதிர் வீட்டில் இருக்கும் ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஐயா, சாகித்திய அகாதெமியின் பால சாகித்திய புரஸ்கார் பெற்ற நூல்களை வரிசையாக வாங்கிவிட்டால் தேர்வுப் பிழை நேராது என்கிறார். பெற்றோர் சிலர் தமிழும் ஆங்கிலமும் எதிரெதிராக அச்சான நூல்களை விரும்புகிறார்கள். அரசுப் பள்ளியில் இடைநிலை ஆசிரியையாக இருக்கும் என் தங்கையோ, விலை குறைந்த சிறு நூல்களை எண்ணிக்கையில் அதிகமாக வாங்கச் சொல்கிறாள். மூன்றுமே நியாயமான யோசனைகள்தாம். ஆனால் மூன்றும் வெவ்வேறு பிள்ளைகளை மனத்தில் வைத்துச் சொல்லப்பட்டவை.

ஐயாவின் யோசனையை முதலில் எடுத்துக்கொள்கிறேன். 2010இல் தொடங்கிய இந்த விருது ஆண்டுதோறும் ஒரு மொழிக்கு ஒன்றாக வழங்கப்படுகிறது. அண்மை ஆண்டுகளின் தமிழ்ப் பட்டியலே, இன்று சிறார்க்கு எழுதுகிறவர்கள் யார் என்பதற்கு ஒரு நல்ல அறிமுகம்: 2020இல் எஸ். பாலபாரதியின் 'மரப்பாச்சி சொன்ன ரகசியம்', 2021இல் மு. முருகேஷின் 'அம்மாவுக்கு மகள் சொன்ன உலகின் முதல் கதை', 2022இல் ஜி. மீனாட்சியின் 'மல்லிகாவின் வீடு', 2023இல் உதயசங்கரின் 'ஆதனின் பொம்மை', 2024இல் யூமா வாசுகியின் 'தன்வியின் பிறந்தநாள்', 2025இல் விஷ்ணுபுரம் சரவணனின் 'ஒற்றைச் சிறகு ஓவியா'. அரசர், மந்திரி, பேசும் நரி என்ற பழைய வட்டத்தைத் தாண்டி, பள்ளி, வீடு, உடல், வரலாறு ஆகியவற்றைப் பிள்ளையின் இடத்தில் நின்று பார்க்கும் எழுத்து வந்துவிட்டது என்பதை இந்தப் பட்டியலைக்கொண்டே சொல்லலாம். ஆனால் விருதுக்கு வயது கிடையாது. சிறார் நூல் என்ற ஒரே பெயருக்குள் ஐந்து வயதும் அடங்கும், பதினான்கு வயதும் அடங்கும். விருதுப் பட்டியலை அப்படியே வாங்கினால் எங்கள் மேல்தட்டு மீண்டும் நிறையும், கீழ்த்தட்டு காலியாகவே கிடக்கும்.

வெள்ளத்தில் தப்பியவற்றுள் பாலபாரதியின் நூலும் ஒன்று. பெரியவர் ஒருவரின் தகாத தொடுதலுக்கு ஆளாகும் சிறுமி, தன் மரப்பாச்சிப் பொம்மை தரும் துணிவால் வாயைத் திறந்து அதைச் சொல்வது கதை. பாடம் நடத்தும் தொனி இல்லாமல் இத்தகைய செய்தியை எழுதுவது எளிதன்று; அவர் அதைச் செய்திருக்கிறார் என்பதற்கு எங்கள் படியின் நிலையே சான்று. ஏழாம் வகுப்பு மாணவி எடுத்துச் சென்ற நூல், சொன்ன தேதிக்கு வராமல் இரண்டு வாரம் கழித்து அவளுடைய அம்மாவின் கையால் திரும்பி வந்தது. அவர் ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த வீட்டுப் பெண்ணுக்கும் இதைத் தரலாமா என்று மட்டும் கேட்டார். இந்த நூலுக்கு இன்னொரு படி வாங்குவதில் எனக்குத் தயக்கமே இல்லை.

'ஆதனின் பொம்மை' கீழடியைக் களமாகக் கொண்டு இன்றைய சிறுவன் ஒருவனை அந்தப் பழங்காலத்துக்குள் அழைத்துச் செல்வது. இரவல் வாங்கிய ஒரு படியிலிருந்து சில பக்கங்களைச் சென்ற மாதம் வாசித்துக் காட்டினேன். கேட்டுக்கொண்டிருந்த ஆறாம் வகுப்புப் பையன், "அரிக்கமேட்டுலயும் தோண்டினாங்களே டீச்சர், அங்க பொம்மை கிடைச்சுதா?" என்றான். 1945இல் மார்டிமர் வீலர் அகழாய்வு செய்த அரிக்கமேடு எங்கள் ஊரிலிருந்து பேருந்தில் ஒரு மணி நேரத்துக்குள் போய்விடக்கூடிய தொலைவு. புதுச்சேரிக்குப் போகும் வழியில், அது இருக்கும் அரியாங்குப்பத்தை நூறு முறை கடந்திருப்பான். அந்தப் பெயர் முதன்முறையாக அவன் வாயில் கேள்வியாக வந்தது. நாவல் ஒன்று செய்யக்கூடியது இது; படநூலும் பதினாறு பக்கக் குறுநூலும் இந்த அளவுக்குப் போவதில்லை.

நீள்கதை நூல்களில் எனக்குள்ள சிக்கல் வேறு. ஒரு படி மட்டும் வாங்கினால், நூறு பக்கத்தை ஒரு பிள்ளை படித்து முடித்துத் தருவதற்குப் பத்து நாள் ஆகிறது. நான்காவது பிள்ளை எடுக்கும்போது முதல் பிள்ளை கதையை மறந்துவிடுகிறது. ஒருவருக்கும் அதைப் பற்றிப் பேச ஆள் கிடைப்பதில்லை. ஐந்து நாவல்களில் ஒவ்வொரு படி வாங்குவதா, ஒரே நாவலில் ஐந்து படி வாங்குவதா என்ற கேள்வியை நூலகம் நடத்துகிற எவரும் ஒருமுறையாவது கேட்டுக்கொண்டிருப்பார்கள். அலமாரி நிறைவாகத் தெரிய வேண்டும் என்றால் முதலாவது. பிள்ளைகள் தங்களுக்குள் சண்டையிட்டுக்கொண்டு கதை பேச வேண்டும் என்றால் இரண்டாவது. பல ஆண்டுகள் முதலாவதைச் செய்தவள் என்பதால், இம்முறை இரண்டாவதைச் செய்யப்போகிறேன்: 'ஆதனின் பொம்மை'யில் ஐந்து படிகள், 'ஒற்றைச் சிறகு ஓவியா'வில் ஐந்து படிகள். பின்னதைத் தேர்ந்ததற்கு விருது ஒரு காரணம். தலைப்பைச் சொன்னவுடனே, ஏன் ஒற்றைச் சிறகு, இன்னொன்று எங்கே என்று மூன்று பிள்ளைகள் ஒரே நேரத்தில் கேட்டது அதைவிடப் பெரிய காரணம்.

இனிக் கீழ்த்தட்டு. தமிழில் நல்ல அச்சோடும் ஓவியத்தோடும் கிடைக்கும் படநூல்களில் பெரும்பகுதி, சென்னையில் 1996 முதல் இயங்கிவரும் தூலிகா போன்ற பதிப்பகங்களிலிருந்து வருகிறது. ஒரே நூலைப் பல இந்திய மொழிகளில் வெளியிடுவது அவர்களது முறை. ஆகவே ஓவியம் எல்லா மொழிக்கும் பொது. வாசகம் பெரும்பாலும் மொழிபெயர்ப்பு. விலை நூலொன்றுக்கு ஏறக்குறைய 200 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், என் தங்கை சொல்லும் குறுநூல்கள் ஐந்தாறை அதே விலைக்கு வாங்கிவிடலாம். இருந்தும் இவற்றுக்கு நான் முன்னுரிமை தருகிறேன். எழுத்துக் கூட்டத் தெரியாத பிள்ளைகூடப் படநூலை ஒரு மாலையில் நான்கு முறை 'படித்து'விடும். பிறகு தம்பிக்குப் படித்துக் காட்டும். ஒரு வாசிப்புக்கு எவ்வளவு செலவு என்று கணக்குப் பார்த்தால் 200 ரூபாய் நூல்தான் மலிவு.

படநூல் வாங்கும்போது நான் கடையிலேயே செய்யும் சோதனை ஒன்று உண்டு. நடுப்பக்கத்தைத் திறந்து நான்கு வரியை மெல்லிய குரலில் வாய்விட்டு வாசித்துப் பார்ப்பேன். 'அவன் தன் கண்களை அகலமாகத் திறந்தான்' என்பதுபோல ஒரு வரி வந்தால் வைத்துவிடுவேன். எங்கள் தெருவில் யாரும் கண்ணை அகலமாகத் திறப்பதில்லை, முழிப்பார்கள் அல்லது விழிப்பார்கள். மழை 'சோ'வென்று பெய்து, ரயில் 'தடதட'வென்று ஓடி, பூனை 'மியாவ்' என்பதோடு நில்லாமல் பாலை 'சளக் சளக்'கென்று நக்கினால், அந்த நூல் பிள்ளைகள் கையில் ஓராண்டுக்குள் பிய்ந்துவிடும் என்று எனக்குத் தெரியும், அதனாலேயே வாங்குவேன். நன்றாகத் தமிழாக்கம் செய்யப்பட்ட படநூல்கள் இருக்கவே செய்கின்றன. அட்டையையும் ஓவியத்தையும் பார்த்து இணையத்தில் வாங்கும்போதுதான் இது தெரியாமல் போகிறது.

இருமொழி நூல்களைப் பற்றி நீளமாக எழுத ஒன்றுமில்லை. பெற்றோர் கூடத்தில் இருக்கும்போது பிள்ளை ஆங்கில வரியைச் சத்தமாக வாசிக்கிறது; அவர்கள் போனதும் படத்தைப் பார்க்கிறது. இரண்டு வாசகங்களுக்கு இடம் விட வேண்டியிருப்பதால் எழுத்தும் சில நூல்களில் சிறுத்துவிடுகிறது. பெற்றோரை மதித்து இரண்டு வாங்குவேன், அதற்குமேல் வேண்டாம்.

என் தங்கை சொல்லும் குறுநூல்கள் என்றால், பாரதி புத்தகாலயம் தன் 'புக்ஸ் ஃபார் சில்ரன்' வரிசையில் வெளியிடுவனபோன்ற, கோட்டோவியங்களோடு கூடிய மெல்லிய நூல்கள். இவற்றின் குறையை முதலில் சொல்லிவிடுகிறேன்: நடுவில் கம்பி ஊசி அடித்துத் தைத்தவை பல. கடலூரின் உப்புக்காற்றில் அந்த ஊசி இரண்டு மழைக்காலத்துக்குள் துருவேறிச் செம்மண் நிறத்தில் தாளில் இறங்கி, நடுத்தாளைத் தனியே கழற்றிவிடுகிறது. வாங்கிய அன்றே ஊசியைப் பிடுங்கிவிட்டுப் பருத்தி நூலால் மூன்று தையல் போட்டுவிடுவது என் வழக்கம். ஒரு நூலுக்கு ஐந்து நிமிடம் ஆகும். இந்தச் சிரமத்தையும் மீறி இவற்றை வாங்கவேண்டிய காரணம் ஒன்று இருக்கிறது, அது எட்டு முதல் பதினொரு வயதுக்குட்பட்ட பிள்ளைகள்.

அந்த வயதுப் பிள்ளைகள்தாம் எங்கள் நூலகத்தில் எப்போதும் நழுவிப்போகிறவர்கள். படநூல் 'சின்னப் பசங்களுது' என்று கூச்சம் வந்துவிடும். நாவலோ இன்னும் கைக்கு அடங்காது. நான்காம் வகுப்புப் பையன் ஒருவன் என் பக்கத்தில் உட்கார்ந்து வாசித்ததைக் கூர்ந்து கவனித்திருக்கிறேன். விரலை வரிக்குக் கீழே வைத்து நகர்த்திக்கொண்டே நன்றாகத்தான் வந்தான். 'கேட்டுக்கொண்டிருந்ததைப்போலவே' என்ற சொல்லில் விரல் நின்றது. 'கேட்டு' என்றான், பிறகு 'க்கொண்' என்று திக்கினான், மீண்டும் தொடக்கத்துக்குப் போனான், மூன்றாம் முறை நூலை மூடிவிட்டான். அவனைத் தோற்கடித்தது கதையன்று, ஒரே மூச்சில் அச்சான பதினைந்து எழுத்து. 'கேட்டுக் கொண்டு இருந்தது போலவே' என்று பிரித்து அச்சிட்டிருந்தால் தாண்டியிருப்பான். தமிழ்ச் சிறார் நூல்களின் பின்னட்டையில் வயதைக் குறிக்கிறவர்கள் பக்க எண்ணிக்கையையும் கதைப்பொருளையும் பார்க்கிறார்களே தவிர, இந்தச் சொல் நீளத்தைப் பார்ப்பதாகத் தெரியவில்லை. குறுநூல்களை எடுத்துப் பார்த்தால் இதில் அக்கறை உள்ளவையும் இருக்கின்றன, இல்லாதவையும் இருக்கின்றன; மலிவாக இருப்பதால் இருபத்தைந்து வாங்கி, எவை கையில் நிற்கின்றன என்று பார்த்துக்கொள்ளலாம்.

பள்ளிக்கல்வித் துறையின் வாசிப்பு இயக்க நூல்கள் இந்த இடத்தில் ஒரு நல்ல முன்மாதிரி. நுழை, நட, ஓடு, பற என்று வாசிப்புத் திறனை வைத்துப் படிநிலை பிரித்திருக்கிறார்கள். வயதையோ வகுப்பையோ வைத்துப் பிரிக்கவில்லை. ஐந்தாம் வகுப்புப் பிள்ளை வெட்கமின்றி 'நட'வை எடுக்க முடிகிறது. எங்களிடம் வரும் அரசுப் பள்ளிப் பிள்ளைகள் அவற்றைப் பள்ளியிலேயே படித்துவிடுவதால், அவற்றை நான் சேர்க்கவில்லை. அந்த நான்கு பெயர்களை மட்டும் கடன் வாங்கி எங்கள் நூல்களின் முதுகில் வண்ணத்தாள் ஒட்டப்போகிறேன்.

பணமே செலவழிக்காமல் பிரதம் புக்ஸின் ஸ்டோரிவீவர் தளத்திலிருந்து இறக்கிக்கொள்ளலாமே என்று கேட்பவர்கள் உண்டு. பொது உரிமத்தில் தமிழிலும் ஏராளமான படக்கதைகளை அவர்கள் தந்திருப்பது பெரிய கொடை. கைபேசியில் ஒரு பிள்ளைக்குக் காட்ட அதைவிட எளிய வழி இல்லை. ஆனால் அச்சிட்டு அலமாரியில் வைக்கலாம் என்று கணக்குப் போட்டால், வண்ணப் பிரதி பக்கத்துக்குப் பத்து ரூபாய் என்றாலும் பதினாறு பக்கத்துக்கு 160 ரூபாய் ஆகிவிடுகிறது. கறுப்பு வெள்ளையில் எடுத்தால் இரவுக்காட்சிப் படங்கள் எல்லாம் கரியாக வருகின்றன. இன்னும் நாற்பது ரூபாய் சேர்த்து நூலையே வாங்கிவிடுவது மேல்.

மொழிபெயர்ப்பு நூல்களைப் பொறுத்தவரை எனக்குச் சாய்வு உண்டு என்பதை ஒத்துக்கொள்கிறேன். மாஸ்கோவிலிருந்து அச்சாகி வந்த சோவியத் சிறார் நூல்களை நியூ செஞ்சுரி புத்தகக் கடையில் வாங்கிப் படித்து வளர்ந்த தலைமுறை நாங்கள். பனியையே பார்க்காமல் பனிச்சறுக்கு வண்டியில் போனவர்கள். அந்தச் சாய்வை ஒதுக்கிவிட்டுப் பார்த்தாலும், நேஷனல் புக் டிரஸ்ட் வெளியிட்ட 'டோட்டோ-சான்' பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்குத் தயங்காமல் தரக்கூடியது. ரயில்பெட்டிகளே வகுப்பறைகளான ஒரு பள்ளியைப் பற்றிப் படித்த பிள்ளை தன் பள்ளியை அதே கண்ணோடு பார்க்காது. 'குட்டி இளவரசன்' பிரெஞ்சிலிருந்து நேரே வந்தது, வெ. ஸ்ரீராமோடு சேர்ந்து அதை மொழிபெயர்த்த ச. மதனகல்யாணி புதுச்சேரிக்காரர் என்பதில் எங்கள் பக்கத்துக்கு ஒரு பெருமை. எங்கள் அலமாரியில் வெள்ளத்துக்கு முன்பும் பின்பும் புத்தம்புதிதாகவே இருக்கும் நூலும் அதுதான். பிள்ளைகள் எடுப்பதில்லை, பிள்ளைகளைக் கூட்டிவரும் பெரியவர்கள் எடுத்துப் புரட்டிவிட்டுப் பெருமூச்சுவிட்டு வைத்துவிடுகிறார்கள். இரண்டும் எங்களிடம் இருப்பதால் மொழிபெயர்ப்புக்கு இம்முறை தனியே பணம் ஒதுக்கவில்லை.

உள்ளூர் எழுத்தாளர்களை மறந்துவிட முடியாது. மறந்தாலும் ஐயா விடமாட்டார். கடலூரில் ஆசிரியப் பணி புரிந்த இரா. நடராசன் 'விஞ்ஞான விக்கிரமாதித்தன் கதைக'ளுக்காக 2014இல் அதே விருதைப் பெற்றவர். வேதாளத்தின் கேள்விகளை அறிவியலுக்குத் திருப்பிவிட்ட அந்த உத்தி பத்து வயதிலிருந்து பிடிக்கும். ஒரு படி கட்டாயம். அவருக்கு அடைமொழியாகவே ஆகிவிட்ட 'ஆயிஷா'வைப் பற்றி மட்டும் எனக்கும் ஐயாவுக்கும் உடன்பாடு இல்லை. கேள்வி கேட்டதற்காக அடிவாங்கி, அடியின் வலி தெரியாமலிருக்கத் தன் உடலிலேயே சோதனை செய்து இறந்துபோகும் மாணவியின் கதை அது. ஆசிரியர் பயிற்சி பெறும் ஒவ்வொருவரும் படிக்க வேண்டியது என்பதில் ஐயமில்லை. மெல்லிய நூலாக இருக்கிறது என்பதற்காகக் குறுநூல்களோடு வைத்தால், ஒன்பது வயதுப் பிள்ளை தனியே எடுத்துச் சென்றுவிடும். அதை மேல்தட்டில், கேட்டால் எடுத்துத் தருவதாக வைத்திருக்கிறேன். புதுச்சேரியில் வாழ்ந்த ம.இலெ. தங்கப்பாவின் 'சோளக்கொல்லைப் பொம்மை' 2011இல் விருது பெற்ற பாடல் நூல். கீழ்த்தட்டில் அது இல்லாமல் இருக்கக்கூடாது. சந்தத்தில் எழுதிய வரியை எழுத்துத் தெரியாத பிள்ளையும் இரண்டாம் முறை கேட்டதும் முடித்துவைக்கும், ஆகவே இதை வாங்குவதும் ஒரு வகையில் படநூல் வாங்குவதுதான்.

ஆகப் பிரிவினை இப்படி அமைந்தது. இருமொழி நூல்கள் இரண்டையும் சேர்த்துப் படநூல்கள் பத்துக்கு 2,000 ரூபாய். இரண்டு நாவல்களில் ஐந்தைந்து படிகளுக்கு 1,500. குறுநூல்கள் இருபத்தைந்துக்கு 900. மரப்பாச்சியின் இரண்டாம் படிக்கும் நடராசனுக்கும் தங்கப்பாவுக்கும் சேர்த்து 500. மூடியுள்ள பெரிய நெகிழிப் பெட்டிகள் இரண்டுக்கு 500 ரூபாய் எடுத்துவைத்தபோது, நூலுக்கென்று தந்த பணத்தில் பெட்டி வாங்குவதா என்று தங்கை முகம் சுளித்தாள். ஒட்டிப்போன நூல்களில் ஒன்றை எடுத்து அவள் கையில் கொடுத்தேன். படநூல்கள் இனிப் பகலில் கீழ்த்தட்டிலும் ஐப்பசி, கார்த்திகையில் இரவானால் பெட்டிக்குள் பரண்மேலும் இருக்கும்.

மீதி 600 ரூபாயை நான் செலவழிக்கப்போவதில்லை. 1998 முதல் நடந்துவரும் நெய்வேலிப் புத்தகக் கண்காட்சி வழக்கமாக ஜூன், ஜூலையில் வரும். பத்து விழுக்காடு தள்ளுபடியும் கிடைக்கும். நாவலைப் படித்து முடித்தவர்களில் நான்கு பேரைப் பேருந்தில் அழைத்துப்போய், ஆளுக்கு 150 ரூபாயைக் கையில் கொடுத்துவிட்டு, நான் வாசலில் டீ குடித்துக்கொண்டு நிற்பதாக ஏற்பாடு.